ஒண்டுக்குடித்தனமும் ஒரு கிணறும்
(நெட்வொர்க் கோட்டா பற்றி ஓர் எளிய பாடம்)



ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது பெஞ்சுக்கு ஒரு கவிஞர் கை தூக்கினார். எனக்குக் கவிதை வராது. இந்த ஆண்டு எனக்கு வந்ததெல்லாம் எர்ரர் மெசேஜ்தான். அதிலும் ஒரு மெசேஜ் என் கம்ப்யூட்டரில் வரவில்லை, என்னால் இன்னொரு டீமின் கம்ப்யூட்டரில் வந்தது. அதைத்தான் பாடமாக எழுதித் தருகிறேன். அடுத்த ஆண்டு இதே லேபில் புராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகள் ஒருமுறை படித்துவிட்டால் போதும், எழுதிய பலன் கிடைத்துவிடும்.

ஒரு வீடு, பல குடித்தனம்

நம் ஊர்களில் ஒண்டுக்குடித்தனம் பார்த்திருப்பீர்கள். ஒரே வீடு, உள்ளே நாலைந்து குடும்பம். அவரவர்க்குத் தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சமையல். ஆனால் கிணறு ஒன்று, குளியலறை ஒன்று. பூட்டு தனியாக இருப்பதால் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. ஆனாலும் ஒரு வீட்டுக்காரம்மா விடியற்காலையில் எழுந்து அண்டா, குடம், பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டால் மற்ற வீட்டில் அன்றைக்குக் குளியல் இல்லை!

ஓப்பன்ஸ்டாக் என்னும் கிளவுட் மென்பொருளும் இப்படித்தான். 2010-ல் அமெரிக்காவின் நாசா விண்வெளி நிறுவனமும் ராக்ஸ்பேஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது இது. இலவசமாகக் கிடைக்கும். ஜெனிவாவில் உள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடமும் இதைப் பயன்படுத்துகிறது, நம் லேபில் ஒரு மூலையில் இருக்கும் சர்வரும் பயன்படுத்துகிறது. இதில் ஒவ்வொரு வேலையையும் கவனிக்க ஒரு பகுதி உண்டு. விர்ச்சுவல் மெஷின்களை நோவா கவனிக்கும். டிஸ்க்குகளை சிண்டர் கவனிக்கும். நெட்வொர்க்கை கவனிப்பது நியூட்ரான். முதலில் இதற்கு குவாண்டம் என்று பெயர். பெயர் உரிமைச் சிக்கல் வந்ததால் 2013-ல் நியூட்ரான் ஆக்கிவிட்டார்கள்.

இந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் பெயர் புராஜெக்ட். பழைய பதிப்புகளில் டெனன்ட், அதாவது வாடகைக்காரர் என்றே சொன்னார்கள். ஒரு புராஜெக்டின் நெட்வொர்க்கை இன்னொரு புராஜெக்ட் பார்க்க முடியாது. இரண்டு டீமும் ஒரே 10.0.0.0 என்ற முகவரி வரிசையை வைத்துக்கொண்டாலும் மோதாது. பூட்டு அவ்வளவு பத்திரம். ஆனால் அடியில் இருக்கும் சர்வர் ஒன்றுதான், வெளியுலகத்துக்குப் போகும் முகவரிகளும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். இதில் யார் எவ்வளவு இறைக்கலாம் என்று வைக்கும் அளவுக்குத்தான் கோட்டா என்று பெயர்.

யாரும் கேட்காமலே கிடைக்கும் கோட்டா

நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் நியூட்ரானில் கோட்டா உண்டு. மென்பொருளோடு வரும் பொது அளவு, ஒரு புராஜெக்டுக்கு இவ்வளவு:

நெட்வொர்க் – 100
சப்நெட் – 100
போர்ட் – 500
ரவுட்டர் – 10
ஃப்ளோட்டிங் ஐபி – 50
செக்யூரிட்டி குரூப் – 10
செக்யூரிட்டி குரூப் விதிகள் – 100

முந்தைய பதிப்புகளில் நெட்வொர்க் 10, சப்நெட் 10, போர்ட் 50 என்று இருந்தது. பிறகு உயர்த்திவிட்டார்கள். மைனஸ் 1 என்று எழுதினால் அளவே இல்லை என்று பொருள். 0 என்று எழுதினால் ஒன்றுகூடக் கிடையாது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு விழிக்காதீர்கள்!

ஃப்ளோட்டிங் ஐபி என்றால் என்ன என்று முதலாண்டுத் தம்பிகள் கேட்கலாம். உங்கள் விர்ச்சுவல் மெஷினுக்கு உள்ளே ஒரு முகவரி இருக்கும். அது உங்கள் அறைக்குள் மட்டும் செல்லும். வெளியிலிருந்து ஒருவர் உங்கள் வெப் பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் தெருவுக்குத் தெரிகிற கதவு எண் வேண்டும். அதுதான் ஃப்ளோட்டிங் ஐபி. இன்று இந்த மெஷினில் மாட்டலாம், நாளை கழற்றி வேறு மெஷினில் மாட்டலாம். மிதந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

நடந்தது இதுதான்

எங்கள் வகுப்பில் 10 டீம். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு புராஜெக்ட் உருவாக்கிக் கொடுத்தார் லேப் சார். கோட்டா பொது அளவிலேயே இருந்தது, யாரும் தொடவில்லை. கேம்பஸ் நெட்வொர்க்கிலிருந்து எங்கள் சர்வருக்கு 101 முதல் 140 வரை 40 முகவரிகள் கொடுத்திருந்தார்கள். அதுதான் எங்கள் கிணறு.

ஒவ்வொரு டீமும் ஒரு ரவுட்டர் வைத்தது. ரவுட்டரை வெளி நெட்வொர்க்கோடு இணைத்தவுடன் அதுவும் அந்த 40-லிருந்து ஒரு முகவரி எடுத்துக்கொள்ளும். ஆக 10 போயிற்று. மீதி 30.

எங்கள் டீமுக்குக் கொஞ்சம் அவசரப் புத்தி. எல்லாவற்றையும் தானே கட்டி முடிக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். ஓடவிட்டால் நெட்வொர்க் போடும், மெஷின் எழுப்பும், ஃப்ளோட்டிங் ஐபி வாங்கி மாட்டும். நடுவில் ஏதாவது பிழை வந்தால் மெஷினை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். நாங்கள் கவனிக்காத விஷயம் ஒன்று: மெஷினை அழித்தால் ஃப்ளோட்டிங் ஐபி கிணற்றுக்குத் திரும்பாது. மெஷினிலிருந்து கழன்று புராஜெக்டின் பெயரிலேயே சும்மா கிடக்கும். நாமாக விடுவித்தால்தான் போகும். மூன்று வாரத்தில் எங்கள் பெயரில் 22 சேர்ந்துவிட்டது. பயன்படுத்தியது 1.

மற்ற 8 டீம் ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள். 10-ம் 22-ம் 8-ம் கூட்டிப் பாருங்கள். சரியாக 40! பத்தாவது டீமுக்கு ஒன்றுமில்லை.

அந்த டீமில் நான்கு பெண்கள். நான்கு பேருமே பஸ்ஸில் வந்து போகிறவர்கள். சாயங்காலம் லேபில் உட்கார முடியாது. மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். மெஷின் எல்லாம் முடித்து, கடைசியாக வெளியில் காட்ட ஒரு ஃப்ளோட்டிங் ஐபி கேட்டது ரிவ்யூவுக்கு முதல் நாள். கிடைக்கவில்லை. இந்த நெட்வொர்க்கில் இனி ஐபி முகவரி இல்லை என்று வந்தது. தாங்கள்தான் சப்நெட்டைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கையே அழித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். பஸ் நேரம் வந்துவிட்டது.

மறுநாள் ரிவ்யூவில் அவர்களால் ஓட்டிக் காட்ட முடியவில்லை. நோட்டில் வரைந்த படத்தை வைத்து விளக்கினார்கள். எங்கள் டீம் ஜம்மென்று ஓட்டிக் காட்டிக் கைத்தட்டல் வாங்கியது. அன்று மதியம் லேப் சார் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, உங்க பேர்ல இருபத்திரெண்டு ஐபி நிக்குது?"

"சார், நாங்க ஒண்ணுதான் சார் யூஸ் பண்றோம்."

"அதான் கேக்குறேன். மிச்சம் இருபத்தொண்ணு யாருக்காக வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. விஷயம் தெரிந்தபோது அந்த டீமில் ஒருத்தி, "சொல்லியிருந்தா நாங்க கேட்டே வாங்கியிருப்போமே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

தப்பு எங்கே?

தப்பு எங்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினியரிங் படிப்பவர்கள் அதோடு நிறுத்தக்கூடாது. இது ஏன் நடக்க முடிந்தது என்றும் பார்க்க வேண்டும்.

கோட்டா ஒருவருக்கு 50. கிணற்றில் இருப்பதே 40. அதாவது கோட்டா என்ற காவலாளி வாசலில் நின்றிருந்தார், ஆனால் அவர் யாரையும் ஒருபோதும் தடுக்கப் போவதில்லை! அவர் தடுப்பதற்கு முன்பே கிணறு வற்றிவிடும்.

இங்கே இரண்டு எர்ரர் மெசேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 'கோட்டா எக்ஸீடட்' என்று வந்தால் நீங்கள் உங்கள் பங்கைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். 'நோ மோர் ஐபி அட்ரஸஸ் அவைலபிள்' என்று வந்தால் உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது, பானையில் சோறு இல்லை என்று அர்த்தம். நேரே அட்மினிடம் போங்கள். இரண்டுக்கும் எண் ஒன்றுதான், 409. அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் வாக்கியத்தையும் படியுங்கள். இது தெரிந்திருந்தால் அந்த டீம் தங்கள் நெட்வொர்க்கை அழித்திருக்க மாட்டார்கள்.

கணக்குப் போடுவது எப்படி?

ரிவ்யூ முடிந்த வாரம் சார் எங்கள் டீமையே கூப்பிட்டு, "நீங்களே எல்லாருக்கும் கோட்டா போடுங்க" என்றார். தண்டனையா பாடமா தெரியவில்லை. நாங்கள் போட்ட கணக்கு இதோ.

படி 1: ஒரு டீமின் உண்மையான தேவையை எண்ணுதல். மாதிரிக்கு ஒரு டீம்: வெப் சர்வர் 2, டேட்டாபேஸ் 1, சோதனைக்கு 1, ஆக 4 மெஷின். வெப்புக்கு ஒரு நெட்வொர்க், டேட்டாபேஸுக்கு ஒரு நெட்வொர்க், ஆக நெட்வொர்க் 2, சப்நெட் 2. இரண்டையும் இணைக்க ரவுட்டர் 1.

படி 2: கண்ணுக்குத் தெரியாததை எண்ணுதல். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 4 மெஷின் என்றால் 4 போர்ட் என்று நினைப்போம். இல்லை! மெஷின்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவை ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒரு போர்ட் எடுக்கும், ஆக 2. ரவுட்டரை ஒவ்வொரு சப்நெட்டோடும் இணைக்கும்போது ஒரு போர்ட் போகும், அது 2. மொத்தம் 4, 2, 2, ஆக 8 போர்ட். மெஷின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு. 4 என்று கோட்டா வைத்திருந்தால் முதல் மெஷினுக்கே தகராறுதான். ரவுட்டரின் வெளிப்பக்கப் போர்ட் மட்டும் புராஜெக்டின் கணக்கில் வராது, ஆனால் கிணற்றிலிருந்து முகவரி எடுக்கும்.

செக்யூரிட்டி குரூப்பிலும் இதே கதை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் 'டிஃபால்ட்' என்று ஒரு குரூப் தானாக உருவாகும், அதில் 4 விதிகள் தானாக இருக்கும். நாம் புதிதாக ஒரு குரூப் போட்டால் வெளியே போக 2 விதிகள் தானாக வரும். வெப் குரூப்பில் 22, 80, 443 என்று மூன்று கதவைத் திறந்தால் 2-ம் 3-ம் சேர்ந்து 5. டேட்டாபேஸ் குரூப்பில் 3306 மட்டும் திறந்தால் 3. மொத்தம் 3 குரூப், 12 விதிகள்.

படி 3: மூச்சுவிட இடம் கொடுத்தல். மிகச் சரியாக 8 போர்ட் வைத்தால் ஒரு மெஷின் கெட்டு, அதை வைத்துக்கொண்டே இன்னொன்று எழுப்பிப் பார்க்க முடியாது. பாதியளவு சேர்த்து 12 வைத்தோம். நெட்வொர்க் 3, சப்நெட் 3, குரூப் 4, விதிகள் 20.

படி 4: கிணற்றை அளத்தல். இதுதான் முக்கியம். போர்ட், நெட்வொர்க், விதி இவையெல்லாம் பெரும்பாலும் டேட்டாபேஸில் எழுதப்படும் வரிகள்தான். 10 டீமுக்கு 12 வீதம் 120 போர்ட் என்றால் சர்வர் ஒன்றும் அழாது. ஃப்ளோட்டிங் ஐபி அப்படியல்ல, எண்ணி வைத்த பொருள். இப்படிப்பட்ட பொருளுக்கு எல்லோருடைய கோட்டாவையும் கூட்டினால் வருவது இருப்பைத் தாண்டக்கூடாது. 40-ல் ரவுட்டர்களுக்கு 10 போக 30. டீமுக்கு 2 வீதம் 20. மீதி 10 சாரிடம் கையிருப்பு. யாருக்காவது நிஜமாக வேண்டுமென்றால் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

ரவுட்டரின் கோட்டாவையும் 1 ஆக்கினோம். ஏனென்றால் பொது அளவில் டீமுக்கு 10 ரவுட்டர். 10 டீமுக்கு 100 ரவுட்டர் வந்தால் ஃப்ளோட்டிங் ஐபி ஒன்றுகூட வாங்காமலே கிணறு காலி!

நெட்வொர்க்கை விலான் முறையில் கட்டுகிறவர்கள் நெட்வொர்க் கோட்டாவையும் இதே மாதிரி கூட்டிப் பார்க்க வேண்டும். விலான் எண் 12 பிட்தான், பயன்படக்கூடியது 4094. அதிலும் அட்மின் ஒதுக்கிய பகுதிதான் நமக்கு. விஎக்ஸ்லான் முறையில் 24 பிட், அதாவது 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். எங்கள் லேப் விஎக்ஸ்லான் என்பதால் அந்தக் கவலை இல்லை.

"ரெண்டு ஐபி போதுமா அண்ணா?" என்று ஜூனியர் ஒருவன் கேட்டான். தாராளமாகப் போதும். மெஷின் உள்ளிருந்து வெளியே போக ஃப்ளோட்டிங் ஐபி தேவையே இல்லை, ரவுட்டரே பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே வரத்தான் வேண்டும். ஒரு மெஷினில் மாட்டி, அதன் வழியாக மற்ற மெஷின்களுக்குள் போகலாம். ஒன்று நுழைய, ஒன்று காட்ட.

எங்கே எழுதுவது?

பொது அளவை மாற்ற நியூட்ரானின் கட்டமைப்புக் கோப்பில் 'கோட்டாஸ்' என்ற பகுதிக்குப் போக வேண்டும். மாற்றிவிட்டு நியூட்ரான் சர்வர் சேவையை மறுபடி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய எண்தான் நடக்கும். ஒரு குறிப்பிட்ட புராஜெக்டுக்கு மட்டும் மாற்ற, கட்டளை வரியில் 'ஓப்பன்ஸ்டாக் கோட்டா செட்' என்று எழுதி, பொருளின் பெயருக்கு முன் இரண்டு சிறு கோடு போட்டு, எண்ணைக் கொடுத்து, கடைசியில் புராஜெக்டின் பெயரை எழுத வேண்டும். 'செட்' இருக்கும் இடத்தில் 'ஷோ' என்று போட்டால் இப்போதுள்ள அளவு தெரியும். ஒரு புராஜெக்டுக்குத் தனியாக எழுதியது டேட்டாபேஸில் போய் உட்காரும், அதுவே பொது அளவை மிஞ்சும். 'டெலீட்' கொடுத்தால் தனி அளவு நீங்கி மறுபடி பொது அளவு வரும். இதையெல்லாம் மாற்றும் உரிமை அட்மினுக்கு மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

1. கோட்டாவைக் குறைத்தால் இருப்பதைப் பிடுங்காது. எங்கள் கோட்டாவை 2 ஆக்கியபோதும் 22-ம் அப்படியே இருந்தது. புதிதாக வாங்கத்தான் தடை. 21-ஐயும் நாங்களே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விடுவித்தோம்.

2. இரண்டு பேர் ஒரே நொடியில் கடைசி ஒன்றைக் கேட்டால்? நியூட்ரான் முதலில் இருப்பை எண்ணி, கேட்டவர் பெயரில் ரயில் டிக்கெட் மாதிரி ஒரு ரிசர்வேஷன் போட்டுவிட்டுத்தான் பொருளை உருவாக்கும். உருவானதும் ரிசர்வேஷன் நீங்கும்.

3. நெட்வொர்க் கோட்டா வேறு, மெஷின் கோட்டா வேறு. மெஷின், சிபியு கோர், மெமரி ஆகியவை நோவாவின் பொறுப்பு. அதன் பொது அளவு மெஷின் 10, கோர் 20. ஒன்றை உயர்த்தினால் மற்றது தானாக உயராது. 10 மெஷினுக்கு அனுமதியும் 12 போர்ட்டும் கொடுத்தால் மெஷின் கணக்கு எட்டாது.

4. ஸ்கிரிப்ட் எழுதினால் கட்டும் பகுதி எழுதும் அன்றே கலைக்கும் பகுதியும் எழுதுங்கள். கோலம் போடத் தெரிந்தவருக்கு வாசல் கூட்டவும் தெரிய வேண்டும்!

நீங்களே செய்து பாருங்கள்

கேள்வி 1: 12 டீம், வெளி முகவரி 50. டீமுக்கு ஒரு ரவுட்டர். சாரின் கையிருப்புக்கு 8. டீமுக்கு எத்தனை ஃப்ளோட்டிங் ஐபி கோட்டா வைக்கலாம்?

கேள்வி 2: 3 நெட்வொர்க், ஒவ்வொன்றிலும் ஒரு சப்நெட், மூன்றையும் இணைக்கும் ஒரு ரவுட்டர், நெட்வொர்க்குக்கு ஒரு டிஹெச்சிபி போர்ட். 6 மெஷின், அதில் ஒன்று மட்டும் இரண்டு நெட்வொர்க்கில் கால் வைத்திருக்கிறது. எத்தனை போர்ட் தேவை?

விடைகள் கட்டுரையின் அடியில். முதலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பாருங்கள்!

முடிவாக

கோட்டா என்றாலே கஞ்சத்தனம், கட்டுப்பாடு என்று நாங்களும் நினைத்தோம். பொது அளவை அப்படியே விட்டதும் தாராள மனசு என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்தத் தாராளம் லேபில் இரவு எட்டு மணி வரை உட்கார முடிந்தவர்களுக்குப் பயன்பட்டது. நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்குப் பயன்படவில்லை. கடைசியாக வருகிறவருக்கும் ஒரு குடம் தண்ணீர் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கோட்டா.

புதுக் கோட்டா போட்ட பிறகு அந்த டீமுக்கு மறு ரிவ்யூ கொடுத்தார்கள். இந்த முறை ஓட்டிக் காட்டினார்கள். நன்றாகவே ஓடியது, எங்களுடையதைவிட வேகமாக. இந்தக் கட்டுரையை அவர்களிடம் காட்டி அனுமதி வாங்கித்தான் மலருக்குக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்கள்: "நாலரை பஸ் இல்ல, நாலு இருபது." திருத்தத்துடன் ஏற்றுக்கொள்ளவும்!

– மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்

விடைகள்: 1) 50-ல் 12-ம் 8-ம் போக 30. அதை 12-ஆல் வகுத்தால் டீமுக்கு 2, மீதி 6 கையிருப்போடு சேரும். 2) மெஷின்களுக்கு 7, டிஹெச்சிபி 3, ரவுட்டர் 3. மொத்தம் 13.